பூவாக்கும் கேளுங்கள், டாக்டரையும் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாவது படிக்கிறாள். காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு ஆளே மாறிவிட்டாள். பள்ளி வேன் வரும் நேரத்துக்கு வயிற்றுவலி என்கிறாள், ஸ்கேனில் ஒன்றுமில்லை. ராத்திரி தூங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதானே’ என்றுகூடச் சொன்னாள். மாமியார் கோயிலில் பூவாக்கு (பூ வைத்துச் சாமியிடம் உத்தரவு கேட்பது) கேட்டுக் கயிறு கட்டியிருக்கிறார். வீட்டுக்காரரோ, ‘பத்தாவது முடியட்டும். இப்ப அந்த டாக்டர்கிட்டப் போனா நாளைக்குக் கல்யாணம் பேசறப்ப ஊரு என்ன சொல்லும்’ என்கிறார்.
- ஒரு தாய், கோபி பக்கம்

பதில்: பத்தாவது முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறதுங்க. அவ்வளவு நாள் வேண்டாம், இந்த வாரமே மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்கு முன்பே தொடங்குகின்றன. தொடக்கத்தில் பார்த்தால் பல பிள்ளைகளுக்கு மனம்விட்டுப் பேசவைக்கும் ஆலோசனைச் சிகிச்சையே போதும்.

இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை. எரிச்சலாகவும் வயிற்றுவலியாகவும் வரும். அந்த வலி நடிப்பல்ல. ஞாயிற்றுக்கிழமை வலிக்கிறதா என்று கவனியுங்கள். வலிக்கவில்லையென்றால் வேனிலோ வகுப்பிலோ ஏதாவது நடந்ததா என்று தனியாக, அதட்டாமல் கேளுங்கள். யாராவது தவறாக நடந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

கடிதத்தில் என்னைப் பதற வைத்தது ‘நான் இல்லாட்டி’ என்ற பேச்சுதான். ‘செத்துப் போகலாம்னு தோணுதா கண்ணு?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ‘ஆமா’ என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனை. எப்படியிருந்தாலும் தோட்டத்துச் சாளையில் இருக்கும் பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் இன்றே பூட்டி வையுங்கள்.

உங்களுக்குப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி பக்கம்தான். மனநலப் பிரிவு அங்கே இருக்கிறது. நடுராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், காசில்லை, தமிழில் பேசுவார்கள். டாக்டர் உங்களிடமும் பேசுவார், அவளிடம் தனியாகவும் பேசுவார். ரத்தசோகை, தைராய்டு பரிசோதனையும் எழுதலாம். மாத்திரை கொடுத்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: சிகிச்சை விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். பிள்ளை படிப்பை விட்டு வீட்டில் உட்கார்ந்தால்தான் ஊர் அதிகம் பேசும்.

கயிறு இருக்கட்டும், அதற்காக மாமியாரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் மகளிடம் ‘வயித்துக்குக் காட்டப் போறோம்’ என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். எந்த டாக்டர், எதற்கு என்று முதல் நாளே சொல்லுங்கள். ஏமாற்றிக் கூட்டிப் போனால் அங்கே வாயே திறக்க மாட்டாள்.