அந்த பூட்ஸை மொதல்ல பையன்கிட்ட குடுங்க

கேள்வி: 16 வருஷம் புரொஃபஷனலா ஃபுட்பால் ஆடிட்டு 36 வயசுல ரிட்டயர் ஆனேன், ஒன்றரை வருஷம் ஆச்சு. பழைய கிளப்ல மிட்ஃபீல்டுல ரெண்டு பேருக்கு காயம், சீசன் முடியுற வரைக்கும் வந்து ஆடுன்னு கோச் கூப்பிடுறார். மனைவி யோசிக்கச் சொல்றாங்க. "இனிமே வீக்எண்டெல்லாம் அப்பா உன்கூடத்தான்"னு சொல்லி கடைசி மேட்ச் அன்னிக்கு பையன்கிட்ட குடுத்த பூட்ஸை, போன வாரம் அவன் அலமாரியிலேர்ந்து எடுத்துப் போட்டு ஓடிப் பார்த்தேன், முட்டி தாங்குது. திரும்பப் போகலாமா?

பதில்: தம்பி, ஆட்டத்தை விட்டவங்க எழுதுற லெட்டர் எனக்கு நெறைய வந்தாச்சு, அந்த வலிக்கெல்லாம் ஆறுதல் சொல்லப் போறதில்ல. முட்டியைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. தனியா நேரா ஓடுறது வேற, ஒருத்தன் மேல வந்து மோதும்போது சட்டுனு திரும்புறது வேற, இது உங்களுக்குத் தெரியாததா? நெதர்லாந்து வீரர் அர்யென் ராபன் 2019ல ரிட்டயர் ஆகி, அடுத்த வருஷமே தான் ஆட ஆரம்பிச்ச கிளப் குரோனிங்கனுக்குத் திரும்பி வந்தாரு, லீக்ல முதல் மேட்ச்லயே காயம், 2021ல மறுபடி விட்டுட்டாரு. மான்செஸ்டர் யுனைடெட் மிட்ஃபீல்டர் பால் ஸ்கோல்ஸ் 2011ல விட்டுட்டு 2012 ஜனவரியில 37 வயசுல வந்து அடுத்த சீசனும் முழுசா இருந்தாரு. ரெண்டு மாதிரியும் நடக்கும்.

எனக்கு உறுத்துறது அந்த பூட்ஸ்தான். போற போக்குல ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டீங்க. அவன்கிட்ட கேட்டு எடுத்தீங்களா, இல்ல அவன் ஸ்கூலுக்குப் போன நேரமா பார்த்து எடுத்தீங்களா? அதை எழுதவே இல்ல, எழுதாததுலயே பதில் இருக்கு. அந்த ஸ்டட்ஸ் இடுக்குல உங்க கடைசி மேட்ச் மண்ணு காஞ்சு ஒட்டியிருந்திருக்கும், அதைக்கூட தட்டி விடாம அவன் வெச்சிருந்திருப்பான். இப்போ புதுச் சேறோட வெச்சீங்களோ, கழுவித் துடைச்சு வெச்சீங்களோ, எப்படி வெச்சாலும் அவனுக்குத் தெரிஞ்சிரும், பசங்க ஒரு பொருளை எந்தப் பக்கம் திருப்பி வெச்சோம்னு வரைக்கும் ஞாபகம் வெச்சிருப்பாங்க. நீங்க அவன்கிட்ட குடுத்தது பூட்ஸ் மட்டுமா? வாக்கும் சேர்த்துத்தானே குடுத்தீங்க, அதையும் சத்தமில்லாம எடுத்துட்டீங்க, எனக்குக் கோவம் அதுலதான். புள்ளைக்குக் குடுத்த வாக்கை மாத்தணும்னா அவன் முன்னாடி உக்காந்து மாத்தணும், அப்பான்னா அதுதான் கடமை, கோச்சுக்கு பதில் சொல்றதெல்லாம் அப்புறம்.

ஸ்கோல்ஸ் திரும்பி வந்தப்போ கடைக்குப் போய் 40 பவுண்டுக்கு தானே ஒரு பூட்ஸ் வாங்கிப் போட்டுட்டுத்தான் ஆடினாரு. நீங்களும் வாங்கிக்கோங்க. இன்னிக்கு ராத்திரியே மனைவியையும் கூட வெச்சுக்கிட்டு, "கேக்காம எடுத்தேன், தப்பு"ன்னு சொல்லி அந்தப் பழசை அவன் கையில குடுங்க. சீசன் முடிய எத்தனை மேட்ச், அதுல எத்தனை வெளியூர், எந்தெந்த வீக்எண்ட் வீட்ல இருக்க மாட்டீங்கன்னு காலண்டரை விரிச்சுக் காட்டுங்க, அதுக்கு மேல ஒரு நாள்கூட நீட்டிக்க மாட்டேன்னும் சொல்லுங்க. அப்புறம் அவங்க ரெண்டு பேரையும் பேச விடுங்க. அவன் வேணாம்னு சொன்னா கோச்சுக்கு ஃபோன் பண்ணி வரலைன்னு சொல்லிடுங்க, பையன் மேல பழி போடாம, உங்க முடிவுன்னே சொல்லுங்க.