கண்காட்சியில வாங்கலாமா, வேணாமா?

கேள்வி: நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல பெண்கள் ஆரோக்கியக் கண்காட்சிக்கு அம்மாவோட போறேன். சித்தா, ஆயுர்வேதா, சீன மருந்து ஸ்டால் எல்லாம் இருக்காம். அம்மாவுக்கு இதய வால்வு மாத்தினதால, ரத்தம் உறையாம இருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கறாங்க, எனக்கு மாசாமாசம் வலி. ஏதாவது வாங்கலாமா? – வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமா போய்ட்டு வாங்கம்மா, தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப்பட்டை எல்லாம் நேர்ல பாத்து கேட்டு தெரிஞ்சுக்க நல்ல இடம், ஆனா அம்மாவுக்கு மட்டும் அங்க எதுவும் வாங்காதீங்க. சீன ஸ்டால்ல டாங் குவாய்னு ஒரு வேர், பெண்களுக்குன்னே விப்பாங்க, அது வார்ஃபரினோட சேந்தா ரத்தம் கசியற அபாயம் கூடும். இது சின்ன விஷயமில்ல, ப்ளீஸ். நீங்க வாங்கறதா இருந்தா டப்பால லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி பாருங்க, பாதரசம் சேந்த செந்தூரம்னு விக்கற சிவப்பு மருந்துப் பொடிலாம் டாக்டர் சொல்லாம தொடவே வேணாம், அதுலயும் கர்ப்பமா இருக்கறவங்க கிட்டயே போகக்கூடாது. மாதவிடாய் கோளாறு சரியாகும்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதையே 1954-ல வந்த மருந்து, மாயத் தீர்வு விளம்பரச் சட்டம் தடுக்குது, அப்படி போர்டு வச்ச ஸ்டாலை நம்பாதீங்க. வலி தாங்க முடியலன்னா ஸ்கேன் முதல்ல, எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம், அதாவது கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளியில வளர்ற நோய். சித்தா தான் வேணும்னா உங்க தாம்பரம் சானடோரியத்துலயே தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தோட ஆஸ்பத்திரி இருக்கே, அங்க காட்டுங்க.