மோட்டார் கொட்டகைக் குளவிகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில், எறும்பையும் குளவியையும் பார்த்து ஒற்றுமை கற்றுக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளிடம் பேசினீர்கள். எங்கள் மோட்டார் கொட்டகையில், கீற்றுக்கு அடியில் ஒரு குளவிக்கூடு இருக்கிறது. முப்பது குளவி தேறும். கரண்டுக்குக் காத்திருக்கும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்நேரமும் ஒன்றையொன்று கடித்து விரட்டுகின்றன. இறக்கை நுனி பிய்ந்த ஒன்று மட்டும் எந்த வம்புக்கும் போகாது. சோம்பேறி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து உதறியதில் அது அடிபட்டுச் செத்துப்போனது. அன்று சாயங்காலமே இன்னொன்று வெறிபிடித்ததுபோல் மற்றவற்றைத் துரத்தித் துரத்திக் கடித்தது. பத்து நாளில் அதுவும் அடங்கிவிட்டது. இதில் ஒற்றுமை எங்கே இருக்கிறது?

சு., மன்னார்குடி அருகே

அன்புள்ள சு.,

மைக் கிடைத்தால் நாக்கு பழைய தடத்தில் ஓடிவிடுகிறது. அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கூடு மூடிய பானை மாதிரி இல்லாமல், தாமரைப் பொகுட்டைக் கவிழ்த்ததுபோல் அறைகள் வெளியே தெரிந்தால் அது கதண்டு இல்லை, காகிதக் குளவி. செம்பழுப்பு உடம்பில் மஞ்சள் வளையம் இருந்தால் அநேகமாக ரோபாலிடியா மார்ஜினேட்டா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரும் அவர் மாணவர்களும் குளவிக்குக் குளவி பெயின்ட் பொட்டு வைத்துப் பல ஆண்டுகள் பார்த்தது இந்த இனத்தைத்தான்.

நீங்கள் சோம்பேறி என்று நினைத்தீர்களே, அவள்தான் ராணியாக இருந்திருப்பாள். இதன் நெருங்கிய சொந்தமான ரோபாலிடியா சயாத்திஃபார்மிஸ் கூட்டில் ராணிதான் பெரிய ரவுடி. இங்கே அவள் யாரையும் அதட்டுவதில்லை. வயிற்று நுனியைக் கூட்டின்மேல் தேய்த்துக்கொண்டே நடப்பாள். அந்த வாசனை இருக்கும்வரை அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். அவள் போய் வாசனை மங்கியதும், அரை மணி நேரத்துக்குள்ளேயே ஒருத்தி கிளம்பிவிடுவாள். நீங்கள் பார்த்த வெறி அதுதான். முட்டையிடத் தொடங்க அவளுக்கு ஒரு வாரம் போல ஆகும். அதற்குள் படிப்படியாகச் சாதுவாகிவிடுவாள்.

போட்டிக்கு யாரும் வராததுதான் எனக்கு ஆச்சரியம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் கூட்டை இரண்டாக்கி நடுவே கம்பிவலை வைத்து, ராணியை ஒரு பக்கம் விட்டார்கள். மறுபக்கம் ஒருத்தி எழுந்தாள். அவள் உண்மையான வாரிசாக இல்லாவிட்டால், ராணியோடு இடம் மாற்றி வாரிசு இருக்கும் பக்கத்தில் விட்டதும் அடங்கிவிடுகிறாள். வாரிசை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொள்கின்றன, ஒரு கடிகூட அவள்மேல் விழுவதில்லை. மூத்தவளுக்கு வாய்ப்பு அதிகம் என்பதைத் தாண்டி, இன்னார்தான் என்று முன்கூட்டி நம்மால் சொல்ல முடியாது. குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது!

அன்றாடக் கடி வேறு கதை. அதிகம் கடிபடுபவள் அதிகம் இரை தேடப் போகிறாள். கூட்டில் புழுக்களுக்குப் பசி, கிளம்பு என்பதுதான் அந்தக் கடி.

சரி, தான் முட்டையிடாமல் ராணியின் பிள்ளைகளுக்கு உழைப்பதை ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள்? ஒரே தந்தைக்குப் பிறந்த குளவிச் சகோதரிகளுக்குள் மரபணுவில் முக்கால் பங்கு பொது, அதனால் தங்கையை வளர்ப்பது தன் மகளை வளர்ப்பதைவிட லாபம் என்றொரு கணக்கு 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் எழுதியதிலிருந்து வருகிறது. ஆனால் இந்த ராணி பல ஆண்களோடு சேர்கிறாள்; அப்போது முக்கால் பங்கு தேறாது. எனக்கு இன்னொரு காரணம் பெரிதாகத் தெரிகிறது. பிறந்ததும் தனியே வைத்துத் தீனி போட்டால் இந்தப் பெண் குளவிகளில் ஏறத்தாழ பாதி முட்டையிடுகின்றன. இன்று கடிபட்டு இரை சுமப்பவளுக்கும் ஒருநாள் வாய்ப்பு வரலாம். தேனீக்களிடம் இந்த நம்பிக்கை மிகக் குறைவு. அங்கே வேலைக்காரி திருட்டுத்தனமாக இட்ட முட்டையை மற்ற வேலைக்காரிகளே தின்றுவிடுவார்கள்.

மனிதர்களோடு ஒப்பிட மாட்டேன் என்று இருந்தேன், ஆனால் நானும் கடைமடைக்காரன். முறைத்தண்ணீர் விட்ட இரவுகளில் பெரியப்பா மண்வெட்டியோடு மடையில் உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை யாருக்கு என்று தெரிந்த இரவுகளில் பீடிதான் கைமாறும். தெரியாத இரவுகளில் மண்வெட்டி ஓங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

கூட்டைக் கலைத்துவிடாதீர்கள், உங்கள் பயிரில் இருக்கும் புழுவையும் பிடித்துவந்துதான் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறார்கள். சட்டையை மட்டும் வேறு ஆணியில் மாட்டுங்கள்.