இசைத்தட்டு சேகரிப்பவர்களிடம் நீங்கள் கண்ட விநோதமான பழக்கங்கள் என்ன?

கண்டது என்ன, அவதிப்படுவதே நான்தான். 2008-ல் சென்னை புதிய மூர் மார்க்கெட்டில் 40 ரூபாய் கொடுத்து ஒரு ஈ.பி., அதாவது சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்னத் தட்டு, வாங்கினேன். அதைப் போட்டுக் கேட்க வீட்டில் பிளேயர் கிடையாது. பிளேயர் வந்து சேர ஏழு மாதம் ஆனது. அதற்குள் 60 தட்டுகள் சேர்ந்துவிட்டன. கேட்க வழியில்லாமலே 60 தட்டு வாங்கியவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், சரியான ஆள்தான். (நான் மட்டும் இல்லை. அமெரிக்காவில் லூமினேட் என்ற நிறுவனம் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே தட்டு வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் பிளேயர் இருக்கிறது. படித்தபோது மனசுக்கு ஆறுதலாக இருந்தது.)

கடைக்கு வருகிறவர் பாட்டுப் பிரியரா, சேகரிப்பவரா என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம். பாட்டுப் பிரியர் அட்டையைப் பார்த்துப் புன்னகைப்பார். சேகரிப்பவர் தட்டை உறையிலிருந்து உருவி, உள்ளங்கையால் ஓரத்தை மட்டும் தாங்கி, ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வெறுமனே விட்டிருக்கும் வளையத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு படிப்பார். ஒரு கடைக்காரர் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏன் சார், பாட்டு இருக்கிற இடத்தை விட்டுட்டு பாட்டு இல்லாத இடத்தையே பாக்குறீங்க?"

அந்த இடத்தில்தான் தட்டின் ஜாதகம் இருக்கிறது. தட்டு அச்சாகும் விதம் தெரிந்தால் இது புரியும். முதலில் ஒரு மூலத் தட்டை வெட்டுவார்கள். அதன் மேல் உலோகம் படியவைத்து ஒரு பிரதி, அதிலிருந்து இன்னொன்று. தொழிலில் இவற்றுக்குத் தகப்பன், தாய் என்றே பெயர். தாயிலிருந்து எடுப்பது அச்சு. அந்த அச்சை வைத்து அழுத்திய தட்டுதான் கடைக்கு வரும். அழுத்த அழுத்த அச்சு மழுங்கும், வேறு அச்சு எடுப்பார்கள். எந்தத் தாய், எத்தனையாவது அச்சு என்பதை அந்த வளையத்தில் பொடி எழுத்தில் குறித்துவைப்பார்கள். இ.எம்.ஐ. என்ற பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய தட்டுகளில் அச்சு எண்ணை எண்ணாக எழுதாமல், கிராமபோன் லிமிடெட் என்ற பெயரிலிருந்து பத்து ஆங்கில எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, இப்படிப் போகும். ஜவுளிக்கடையில் கொள்முதல் விலையை வாடிக்கையாளருக்குப் புரியாதபடி சீட்டில் எழுத்தாகப் போட்டுவைப்பார்களே, அதே வித்தை.

ஆக, 'ஜி' என்று ஒற்றை எழுத்து இருந்தால் முதல் அச்சு. பள்ளங்கள் கூர்மையாக இருக்கும், ஓசை தெளிவாக இருக்கும் என்பது வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே பாட்டின் ஒன்பது பிரதிகளை வீட்டில் வைத்துக்கொண்டு பத்தாவதாக ஒரு 'ஜி' தேடி அலைகிறவரை எனக்குத் தெரியும். அவர் அந்த ஒன்பதில் எதையும் போட்டுக் கேட்பதில்லை. தேய்ந்துவிடுமாம்.

காது விஷயத்தில் எங்கள் கூட்டம் ஒருமுறை நன்றாக மூக்குடைபட்டது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், பழைய ஒலிநாடாக்களிலிருந்து உயர்தரத் தட்டுகள் வெளியிட்டுப் பேர் வாங்கியது. சில பதிப்புகள் 125 டாலர். டிஜிட்டல் கலப்பே கிடையாது என்று நம்பித்தான் வாங்கினார்கள். டிஜிட்டல் என்றால் காதுக்குள் மணல் கொட்டுவது போல இருக்கிறது என்று பேசும் ஆட்களின் செல்லப் பிள்ளை அது. 2022 ஜூலையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் தட்டுக்கடை வைத்திருக்கும் ஒருவர், அதன் பொறியாளர்களிடம் கேமரா முன்னால் கேட்க, பல ஆண்டுகளாகவே நடுவில் ஒலியை டிஜிட்டலாக மாற்றும் ஒரு கட்டம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். வழக்கு, சமரசம், 2.5 கோடி டாலர். அத்தனை ஆண்டுகள் அத்தனை தங்கக் காதுகளில் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்பதைப் பற்றி மட்டும் எங்கள் ஆட்களிடம் பேச்செடுக்காதீர்கள். உறவு முறிந்துவிடும்.

தரம் சொல்லும் பாஷையும் தனி. உலகம் முழுக்க 'கோல்ட்மைன்' பத்திரிகை வகுத்த தர வரிசைதான் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 'மின்ட்' என்றால் கை படாத புதுசு. 'வெரி குட்' என்றால் தேய்மானமும் இரைச்சலும் உண்டு என்று அர்த்தம். 'குட்' என்றால் முள் வைத்ததும் வாணலியில் கடுகு தாளிக்கும், நடுவில் பாட்டும் கேட்கலாம். தெரியாமல் 'குட்' என்று போட்டிருந்த தட்டைத் தபாலில் வரவழைத்து, ஒரு வாரம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டுக்காரர்கள் எங்களைவிட ஒரு படி மேல். தட்டில் அரக்கோடு கல்மாவும் கலந்திருக்கும், எஃகு ஊசி அதில் உரசியே தேயும். ஆகவே ஒரு பக்கம் பாடி முடித்ததும் ஊசியை மாற்ற வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு ஒரு ஊசி. ஊசிகள் வந்த தகர டப்பாவை மட்டுமே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், உள்ளே ஊசியே வேண்டாம் அவர்களுக்கு. வெளிநாட்டு 78 பிரியர்கள் கல்கத்தா பக்கம் கண் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 78 மூட்டை கட்டிப் போன பிறகும், இங்கே மின்சாரம் இல்லாத ஊர்களில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் 1960-களின் நடுவிலும் கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸின் பாட்டுகள் 78-ஆகவே அச்சாகின. நம்மூர்ப் பரணில் கிடந்த அந்தத் தட்டுகளைத் தேடி இன்று எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறார்கள்.

பீட்டில்ஸ் என்றதும் அமெரிக்கக் கலைஞர் ருதர்போர்ட் சாங் ஞாபகம் வருகிறார். அந்தக் குழு 1968-ல் வெளியிட்ட இரட்டை எல்.பி.யின் (இரண்டு பெரிய தட்டுகள் சேர்ந்தது) அட்டை வெள்ளை வெளேர் என்றிருக்கும். மேலே பெயர் மட்டும் மேடாக அழுத்தி, கீழே வரிசை எண். முதலாம் எண் தாங்கிய தட்டு அந்தக் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரிடம் இருந்தது. 2015-ல் ஏலத்தில் 7,90,000 டாலருக்குப் போனது. சாங்குக்கு அதில் அக்கறை இல்லை. எண் போட்ட முதல் பதிப்பாக இருந்தால் போதும், எவ்வளவு மோசமானாலும் வாங்குவார். காப்பிக் கறை, பூஞ்சை, காதலியின் பெயர், பால்பாயின்ட் பேனாக் கிறுக்கல். 2013-ல் நியூயார்க்கில் ஒரு கடை போலவே பரப்பி வைத்தார். ஆனால் அங்கே எதுவும் விற்பனைக்கு இல்லை, 'வெள்ளை ஆல்பங்கள் வாங்குகிறோம்' என்று போர்டு. நூறு பிரதிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒலிக்கவிட்டு ஒரு தட்டாகவும் வெளியிட்டார். நூறும் ஒன்றாகத் தொடங்கி, போகப் போக ஒன்றை விட்டு ஒன்று விலகிக் கடைசியில் ஒரே இரைச்சலாகிவிடும். 2025 ஜனவரியில் அவர் இறந்தபோது சேர்ந்திருந்தவை மூவாயிரத்துக்கு மேல்.

எங்கள் கூட்டத்தில் இருப்பது இந்த இரண்டு கட்சிதான். கை படாத தட்டு வேண்டும் என்பவர்கள் ஒன்று. கை பட்டது தெரிய வேண்டும் என்பவர்கள் இன்னொன்று. ஆரம்பத்தில் நான் முதல் கட்சியில் இருந்தேன். ஒரு மே மாதம் காரின் பின்சீட்டில் மூன்று எல்.பி.க்களை மறந்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மூன்றும் அப்பளம். சுத்தம் பார்த்துச் சேர்த்ததெல்லாம் இப்படிப் போனதோடு கட்சி மாறிவிட்டேன்.

இப்போது என் கிறுக்கு, சவுண்ட் சர்வீஸ் தட்டுகள். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்ட கடைகள் கேசட் வந்ததும் மூட்டையாக விற்றவை. மற்றவர்கள் தொடவே மாட்டார்கள், அவ்வளவு தேய்மானம். லேபிளில் ரப்பர் ஸ்டாம்பு, ஊர்ப் பெயர், அலமாரி எண். அசல் உறை கிழிந்து, காலண்டர் அட்டையை மடித்து நூலால் தைத்த உறை. மணப்பாறை, பண்ருட்டி, அருப்புக்கோட்டை என்று ஊர் வாரியாக அடுக்கியிருக்கிறேன். "படத்துப் பேரு வச்சு அடுக்குனா தேடுறதுக்காவது ஆகும்" என்று வீட்டில் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்கு பாட்டு உள்ள ஓர் ஈ.பி. இரண்டாம் பக்க லேபிளில், கடைசிப் பாட்டின் பெயருக்கு எதிரே சிவப்பு நகப்பூச்சால் பெருக்கல் குறி. முதலில் புரியவில்லை. தட்டை வெளிச்சத்தில் சாய்த்தால் மூன்று பாட்டுகளின் பள்ளமும் சாம்பல் பூத்து வெளுத்திருந்தது. அந்த ஒரு பாட்டு மட்டும் நேற்று அச்சடித்தது போலக் கருகருவென்று மின்னியது. அப்புறம்தான் உறைத்தது: அது சோகப் பாட்டு. தாலி கட்டும் வீட்டில் தவறிப்போய் ஒலித்துவிட்டால் பாட்டுப் போட்டவர் ஊர் திரும்ப முடியாது. முந்தின பாட்டு முடிந்த கையோடு முள்ளைத் தூக்கிவிட வேண்டும், அதற்குத்தான் குறி. இரண்டு பாட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த நூலளவு இடைவெளியில், அவசர அவசரமாகத் தூக்கித் தூக்கி விழுந்த சின்னச் சின்னக் கீறல்கள் ஒரே இடத்தில் மொய்த்திருந்தன. எத்தனை கல்யாணமோ.

வாங்கி வந்த அன்றைக்கே அந்தப் பாட்டைப் போட்டேன். துளி இரைச்சல் இல்லை. 'ஜி' தேடுகிற நண்பருக்கு ஃபோன் செய்து, உன் பத்தாவது பிரதிகூட இப்படிப் பாடாது என்று சொல்ல நினைத்தேன். பல்லவி முடிந்து வயலின்கள் எழும்பின. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"விளக்கு வைக்கிற நேரத்துல இதையாடா போடுவ? எடுறா அதை."

முள்ளைத் தூக்கினேன்.