கல்யாணம் ஆகாத என் தோழியைக் குடும்பச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: கல்லூரிக் காலத்துத் தோழி, கூடப் பிறந்தவள் மாதிரி, கல்யாணம் ஆகவில்லை. விடுமுறையில் குடும்பத்தோடு வெளியூர் போகும்போது அவரையும் சேர்த்துக்கொள்ள ஆசை. ஆனால் புகுந்த வீட்டில் "அவ எதுக்கு நடுவுல" என்கிறார்கள்.

தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். சொன்னது யார் என்று நீங்கள் எழுதவில்லை. மாமியாரோ நாத்தனாரோதான் என்று நினைக்கிறேன். கணவர் சொல்லியிருந்தால் நீங்கள் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள், வீட்டிலேயே சண்டை முடிந்திருக்கும்.

எனக்குத் தஞ்சாவூர். திருச்சியில் படித்தபோது நானும் என் தோழியும் ஹாஸ்டலில் ஒரே அறை. நான் வணிகவியல், அவள் விலங்கியல். இப்போது அரசுப் பள்ளியில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, எனக்கும் சேர்த்து ஊரே கேட்டு முடித்துவிட்டது. என் பிரசவத்தின்போது ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தவள் அவள்தான். அப்பா காரியத்தன்று பந்தியில் நின்று இலை இலையாகப் பார்த்துப் பரிமாறியவளும் அவள்தான். என் பிள்ளைகளுக்கு அவள் பெரியம்மா. என் நாத்தனாருக்கு அங்கேதான் இடிக்கும். அத்தை போன் பண்ணினால் 'ம்' கொட்டுகிற பிள்ளைகள், பெரியம்மா என்றால் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதுகளே என்று. அந்த வருத்தம் நியாயம்தான். அதற்கு என் தோழி என்ன செய்வாள்?

ஓர் அரையாண்டு விடுமுறையில் எல்லோருமாகக் கோடியக்கரைக்குக் கிளம்பினோம். மாமியார், நாத்தனார், அவள் கைக்குழந்தை, நாங்கள் நால்வர், தோழி. வாடகை வேன். கோடியக்கரை என்பது தோழியின் யோசனை. "வருஷா வருஷம் பூநாரையைப் பாடத்துல நடத்துறேன்டி, ஒரு தடவைகூட நேர்ல பார்த்ததில்லை" என்றாள். டெல்டாவிலேயே பிறந்து வளர்ந்த எங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனதில்லை. விருந்தாளி வந்தால் பெரிய கோயில், கும்பகோணம், தாராசுரம், திரும்பினால் வீடு. கடற்கரை ஓரத்தை வேளாங்கண்ணியோடு முடித்துக்கொள்வோம்.

முதல் தகராறு திருத்துறைப்பூண்டியில். டீ குடிக்க இறங்கியதும் வேன் வாடகையில் தன் பங்கு என்று ஒரு கவரை என் கணவர் கையில் திணித்தாள். அவர் வாங்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடி, வேத்தாள் மாதிரி" என்றேன். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நான் கணக்குத் தீர்க்கலைன்னா உங்க வீட்ல வேற யாராவது கணக்குப் போடுவாங்க" என்றாள், மாமியார் காதில் விழும்படியே. நடுரோட்டில் நாங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையில் கடைக்காரர் சர்க்கரை போட மறந்துவிட்டார். கடைசியில் என் கணவர் கவரை வாங்கிக்கொண்டார். அவள் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். பாசம் இருக்கிற இடத்தில் பணம் பேசக் கூடாது என்பதெல்லாம் பணம் கொடுக்கிறவர் சொல்வது. வாங்கிக்கொள்கிறவருக்கு அடுத்த தீபாவளி வரை அந்தப் பேச்சு இருக்கும்.

வேதாரண்யம் கோயிலில் மாமியார் கதவு திறந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். வேதங்கள் பூசித்துப் பூட்டிய கதவு. அதைத் திறக்க அப்பர் பதிகம் பாட, பத்துப் பாட்டு வரை அசையவில்லை, பிறகுதான் திறந்தது. மூடுவதற்குச் சம்பந்தர் பாட, முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது. "நாம பாடினப்போ இவ்வளவு நேரம் ஆச்சேன்னு அப்பருக்கு மனசு கஷ்டமாயிடுச்சு" என்று மாமியார் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது, அவ்வளவு அழகாகச் சொல்வார். என் பெரியவன் சும்மா இருக்காமல், "பாட்டி, அவங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றான். இல்லைதானே. ஒருவர் சீர்காழி அந்தணர் வீட்டுப் பிள்ளை, இன்னொருவர் திருவாமூர் வேளாளர், வயதில் எவ்வளவோ மூத்தவர். அந்தப் பிள்ளை "அப்பரே" என்று கூப்பிட்டதால்தான் திருநாவுக்கரசருக்கு அந்தப் பெயரே வந்தது. ஊர் ஊராக ஒன்றாக நடந்தார்கள். என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தார். மாமியார், "அவங்கள்லாம் சாமிங்கடா" என்று முடித்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டு மாமியாரைக் கிண்டல் செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அன்றைக்கு வண்டியில் சாப்பிட்ட புளிசாதம் விடியற்காலை எழுந்து அவர் கிளறியது. தோழிக்குத் தனியாக வெங்காய வடகமும் எடுத்து வைத்திருந்தார். அதே நேரம் "டீச்சரம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை நெருங்கி வர மாட்டார். இரண்டும் ஒரே ஆள்தான்.

கோடியக்கரைக்கு மார்கழிதான் சரியான சமயம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வலசைப் பறவைகள் இருக்கும். 1967-லேயே சரணாலயம் ஆக்கிவிட்டார்கள். காட்டுக்குள் வெளிமான் கூட்டமாக நின்றது, முறுக்கிய கொம்போடு ஓர் ஆண் மான் எங்கள் வேனை முறைத்துப் பார்த்தது. சதுப்பின் ஓரத்தில் இறங்கினோம். தூரத்தில் தண்ணீருக்கு மேல் வெள்ளையும் ரோஜா நிறமுமாக ஒரு கோடு. அதுதான் பூநாரை. பள்ளியிலிருந்து கேட்டு வாங்கிவந்த பைனாகுலரைத் தோழி கழுத்தில் மாட்டி, கண்ணுக்குக் கொண்டுபோகப் போனாள். அப்போதுதான் நாத்தனார் வந்து, "டீச்சர், இவனைக் கொஞ்சம் பிடிங்க, நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்று குழந்தையை அவள் இடுப்பில் வைத்துவிட்டு செல்ஃபி எடுக்கப் போய்விட்டாள். குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது, பைனாகுலர் வாரை வாயில் வைத்துச் சப்புகிறான். தோழி ஒன்றும் சொல்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு வேன் நிழலுக்கு நடந்தாள்.

காலையிலிருந்து இது எத்தனையாவது தடவையோ. பை எடுப்பது, பாட்டில் நிரப்புவது, பிள்ளைகளைக் கை கழுவ அழைத்துப் போவது எல்லாம் அவள் தலையில். கல்யாணம் ஆகாதவள் என்றால் நம் வீடுகளில் அவளுக்கு நேரமே சொந்தமில்லை என்று ஒரு நினைப்பு. நான் போய்க் குழந்தையை வாங்கி நாத்தனார் கையிலேயே கொடுத்தேன். "நீ எடுத்த போட்டோ போதும். அவ இதைப் பார்க்கத்தான் வந்திருக்கா" என்றேன். சத்தமாகத்தான். நாத்தனார் முகம் தொங்கியது, ராத்திரி வரை பேசவில்லை. மாமியார் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பரவாயில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக எனக்கு இன்றைக்கும் என்மேல் ஒரு மரியாதை உண்டு.

அப்புறம் தோழி பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக் காட்டினாள். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, சேற்றை வடிகட்டித் தின்னும். அதன் நிறமே தின்கிற பாசியிலிருந்தும் கூனி இறாலிலிருந்தும் வருவது, குஞ்சு வெறும் சாம்பல் நிறம்தான். சின்னவள், "அப்போ நான் பீட்ரூட் சாப்பிட்டா?" என்று கேட்க, மாமியாரும் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார்.

மறுநாள் தரங்கம்பாடி. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, எதிரே கடல், நல்ல காற்று. ஆனால் அங்கே போய்ச் சேரும் வரை நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. கடலோரச் சாலையில் இத்தனை கோயில், தர்கா, சர்ச். லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. பெண்கள் நிம்மதியாக ஒதுங்க ஓர் இடம் கிடையாது. ஓரிடத்தில் இருந்தது, பூட்டு. சாவி வைத்திருக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். சர்க்கரைக்காரரான மாமியாரை வைத்துக்கொண்டு ஒரு பெட்ரோல் பங்கில் கெஞ்ச வேண்டியிருந்தது. கட்டணம் வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? தண்ணீர் வருகிற குழாயும் தாழ்ப்பாள் விழுகிற கதவும் போதும். சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை. ஆனால் பயணத் திட்டம் போடும்போது எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

செலவைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். அறை போடும்போது அவருக்கும் சரியான கட்டில் இருக்கட்டும், "பிள்ளைங்களோட கீழே படுத்துக்குவா" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நாத்தனார் மாதிரி ஆள் யாராவது இருந்தால் முதல் தடவையே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஆசையை எழுதியிருக்கிறீர்கள், புகுந்த வீட்டில் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கூட்டத்தோடு வர அந்தத் தோழிக்கு இஷ்டமா என்று மட்டும் எழுதவில்லை. முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.