விரல் மடங்கவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டேன்

கேள்வி: வயது 56. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து எட்டு மாதமாக லெட்ரோசோல் சாப்பிடுகிறேன். காலையில் விரல் மடங்குவதில்லை, பால் பாக்கெட்டைக்கூடப் பல்லால் கடித்துத்தான் பிரிக்கிறேன். ராத்திரியில் திடீரென்று உடம்பு தகிக்கிறது. "உயிர் பிழைத்ததே பெரிசு, இதையெல்லாமா டாக்டரிடம் சொல்வாங்க" என்கிறார்கள் வீட்டில். பத்து நாளாக யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். தப்பா?
- தஞ்சாவூர் வாசகி

பதில்: உங்கள் மேல் கோபப்பட மாட்டேன் அம்மா. ஆனால் நிறுத்தியதை இந்த வாரமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் சுரக்கும். உங்களுக்கு வந்த வகைப் புற்றுநோய்க்கு அதுதான் தீனி. லெட்ரோசோல் அதை அடைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் வற்றினால் மூட்டும் இறுகும். வயதாகிவிட்டது, மனப்பிரமை என்று யாரும் தள்ளிவிட முடியாத வலி இது. பொதுவாக 5 வருடமாவது சாப்பிட வேண்டிய மருந்து. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை வருடம் ஓட்ட முடியாது, ஓட்ட வேண்டியதும் இல்லை.

சில வாரம் இடைவெளி விட்டு, இதே வகை மாத்திரைகளான அனாஸ்ட்ரோசோல் அல்லது எக்ஸிமெஸ்டேனுக்கு டாக்டர் மாற்றலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னொன்று ஒத்துப்போவது உண்டு. வலிக்கு டுலாக்ஸெடின், தகிப்புக்கு வென்லாஃபாக்ஸின் அல்லது காபாபென்டின் என்று தனி மருந்துகளும் இருக்கின்றன. தகிப்பு அடங்கும் என்று யாராவது ஹார்மோன் மாத்திரை சொன்னால் தொடாதீர்கள்.

வலிக்கும்போது நடக்கச் சொன்னால் எரிச்சல்தான் வரும், தெரியும். ஆனாலும் சொல்கிறேன். இதே வகை மாத்திரை சாப்பிட்ட பெண்களை அமெரிக்காவில் ஒரு வருடம், வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடையும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் செய்யவைத்துப் பார்த்தார்கள். மூட்டுவலி நன்றாகவே குறைந்தது. முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தால் போதும். காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி விரியுங்கள்.

இந்த மருந்து எலும்பையும் மெலியவைக்கும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாச்சா, வைட்டமின் டி எவ்வளவு என்று கேளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று: பிறப்புறுப்பு வறட்சி. இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதற்கு ஹார்மோன் இல்லாத ஜெல் கிடைக்கிறது.

அப்புறம், போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். இது மருந்தால் வரும் வலி என்று டாக்டர் வாயாலேயே அவர்கள் கேட்கட்டும்.