கியோட்டோவில் ஒரு ராத்திரி

கேள்வி: கணவர், மாமியாரோடு ஏப்ரலில் ஜப்பான் போகிறோம். கியோட்டோ ஊருக்கு நடுவிலேயே இருக்கிற பழைய ரியோகானில், அதாவது ஜப்பானிய பாரம்பரிய விடுதியில், தங்க ஆசை, ஆனால் வாடகை மலைப்பாக இருக்கிறது. நாங்கள் சுத்த சைவம் வேறு. போகலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: போங்கள், ஆனால் ஒரே ஒரு இரவு. மற்ற நாட்களுக்கு சாதாரண ஹோட்டல் போதும்.

முதலில் வாடகை. ரியோகானில் பெரும்பாலும் அறைக்கு இவ்வளவு என்று இல்லை, தலைக்கு இவ்வளவு. ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். மூன்று பேர் என்றால் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். நகர நிர்வாகம் வாங்கும் தங்கல் வரி தனி.

ஃபுயாச்சோ தெருவில் 1818-இல் தொடங்கிய ஹீராகியா ரியோகானும், முந்நூறு வருஷப் பழமையான தவாராயா ரியோகானும் எதிரெதிரே இருக்கின்றன. நிஷிகி மார்க்கெட்டுக்கு நடந்தே போகலாம். இரண்டுமே விலை அதிகம், அதே பகுதியில் சின்ன விடுதிகளும் உண்டு. 1864 கலவரத்தில் நகரின் நடுப்பகுதி பெரும்பாலும் எரிந்துபோனது, அதனால் விடுதிக்கு எத்தனை வயது என்றாலும் கட்டடம் பெரும்பாலும் அதற்குப் பிந்தியதுதான். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை, பரம்பரையாக வருவது அங்கே உபசரிப்பு.

இப்போது உங்கள் முக்கியமான கவலை, சாப்பாடு. "மீன், இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் துண்டுகளை எடுத்துவிடுவார்கள், ஆனால் சூப், வேகவைத்த கீரை, டோஃபு எல்லாவற்றிலும் தாஷி என்கிற சாறு இருக்கும், அது பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. அதனால் மீன் தாஷியும் கூடாது என்று புக் செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். புத்த பிக்குகளின் சைவச் சமையலுக்கு 'ஷோஜின்' என்று பெயர், அந்த வார்த்தையைச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். முடியாது என்று பதில் வந்தால் வருத்தப்படாமல் வேறு விடுதி பாருங்கள், அல்லது சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் தருவார்களா என்று கேளுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

மாமியாருக்கு முழங்கால் வலி உண்டா? ததாமி பாயில் உட்கார்ந்து சாப்பிட்டு, அதன்மேலேயே விரிக்கும் மெத்தையில் படுக்கணும். நாற்காலி, கட்டில் உள்ள அறை சில இடங்களில் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் நேரம். நான் முதல்முறை போனபோது ஊரெல்லாம் சுற்றிவிட்டு இரவு ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தேன், ஆறு மணிக்கே சமைத்து வைத்துவிட்டு விடுதிக்கார அம்மா வாசலில் காத்திருந்தார், இன்றைக்கு நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. நீங்கள் மூன்று மணிக்கே போய்விடுங்கள். டீ குடித்துவிட்டு தோட்டத்தைப் பார்த்தபடி சும்மா உட்காருங்கள், கொடுக்கிற காசு அதற்குத்தான்.

குளியல் தொட்டியில் இறங்குவதற்கு முன்பு வெளியிலேயே சோப்பு போட்டுக் குளித்துவிடணும், அடுத்தவருக்கும் அதே தண்ணீர்தான். விடுதியில் தரும் யுகாதா அங்கியை உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வரணும், வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

பெரிய பெட்டிகளை முந்தின நாளே கூரியரில் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு ஒரு கைப்பையோடு போங்கள், சக்கரப் பெட்டியைப் பாய்மேல் உருட்டக் கூடாது.